பீர்க்கங்காய் என்றால் நிறுத்தவும்

சிவகாசி,
14-7-2025

அன்புள்ள பொன்னுத்தங்கத்துக்கு,

இங்கே மழை இல்லை, வெயில் இருக்கிறது, நானும் இருக்கிறேன். விருதுநகரிலும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தால் நான் உன்னைப் பேச விடுவதில்லை என்று பிரீத்திகாவிடம் சொன்னாயாம். நம் மகள் நம்மைப் பற்றி இப்படித்தான் எனக்குச் செய்தி வாசிக்கிறாள். அதனால் லோடு ஆட்டோவில் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தனுப்புகிறேன்.

பெங்களூர் கம்பெனி ஒன்று நம் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. பெட்டிக்குள் வைக்கிற விளக்கத் தாள். ஆங்கிலம் சரியாக இருக்கிறது. தமிழை ஏதோ கம்ப்யூட்டர் எழுதியிருக்கிறது. 'பங்குதாரர் அழுதால் உடனே நிறுத்தவும்' என்று ஒரு வரி. நாற்பது வருடத் தொழிலில் பங்குதாரர் அழுது யாரும் எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

சாமான் மூன்று விதமான கிளிப். இரண்டிரண்டாக, நடுவில் சங்கிலி. துணி காயப்போடவா, காகிதம் பிடிக்கவா என்று இங்கே ஒரே வாக்குவாதம். கட்டிங் மெஷின் காமராஜ் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் வேலை பார்த்தான். எடுத்ததும் அலறிவிட்டான். "மாட்டுறப்ப ஒண்ணும் தெரியல அண்ணாச்சி, எடுக்குறப்பதான் உசுரு போகுது" என்கிறான்.

உனக்கு அறிவியலும் தெரியும், தமிழும் தெரியும். திருத்தி அனுப்பு. சீசன் நேரம். மூன்று வருடக் கோபத்தை இதில் காட்டாதே.

சீனிவாசகம்

விருதுநகர்,
17-7-2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

கடிதம் எழுதியது நல்லது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

பெட்டியில் இருப்பது துணிக் கிளிப் அல்ல. அறைக் கதவைச் சாத்திவிட்டு மேலே படியுங்கள்.

இது வயது வந்தவர்கள் படுக்கையறையில் வைத்துக்கொள்கிற விளையாட்டுச் சாமான். இருவருக்கும் விருப்பம் இருந்தால், கிள்ளுகிற உணர்ச்சிக்காக உடம்பில் மாட்டிக்கொள்வது. பெரும்பாலும் மார்புக் காம்பில். அந்த வலி சிலருக்கு இன்பமாக இருக்கிறது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வர வர மோர் மிளகாயைக் கடித்துவிட்டு இன்னொன்று கேட்பவர்தானே நீங்கள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் மற்ற டீச்சர்கள் 'வீட்டில் படித்துக்கொள்' என்று விட்டுவிடுவார்கள். நான் முப்பத்துநான்கு வருடம் படம் வரைந்து நடத்தியவள். இதையும் நடத்துகிறேன்.

காமராஜின் காதுதான் முதல் பாடம். கிளிப் பிடித்திருக்கும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போகிறது. எடுத்ததும் ரத்தம் திரும்பி வருகிறது, அப்போதுதான் வலி. சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் காலில் என்ன ஆகிறது, அதேதான். ஆகவே மரத்துப்போனதைப் பழகிவிட்டது என்று எண்ணக் கூடாது. முதல் தடவை இரண்டு மூன்று நிமிடம் போதும். எவ்வளவு பழகினாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தோல் வெளுத்தாலோ, நீலமானாலோ, சில்லிட்டாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது ஒவ்வொன்றாக, கிளிப்பின் வாயை விரித்து, மெதுவாக. பிடித்து இழுக்கக் கூடாது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: இடுக்கி போல இருப்பதில் ஒரு வளையம் இருக்கிறது. அதை நகர்த்தினால் இறுக்கம் கூடும், குறையும். புதியவர்களுக்கு அதுதான், அதிலும் ரப்பர் முனை வைத்தது. திருகு வைத்தது அடுத்தது. சங்கிலியை இழுக்க இழுக்க இறுகுகிற மூன்றாவது, நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும். வீட்டுத் துணிக் கிளிப் இதற்கு ஆகாது. அதற்கு ஒரே இறுக்கம்தான், உங்களைப் போல.

மாட்டும் முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் பிடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நுனித்தோலை மட்டும் பிடித்தால் வலி அதிகம், கொஞ்சம் சதையோடு பிடித்தால் குறைவு. புண் இருக்கிற இடத்தில் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார், சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குடித்துவிட்டுக் கூடாது. மாட்டியபடி தூங்கக் கூடாது, மாட்டியவரைத் தனியே விட்டுப் போகவும் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஆரம்பிக்கும் முன் இருவரும் பேசி, நிறுத்துவதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். 'வேண்டாம்' போதாது. விளையாட்டுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். காராச்சேவு என்று வைத்தால் நம் பக்கத்தில் எழுந்து போய்க் கால் கிலோ வாங்கி வந்துவிடுவார்கள். நான் பீர்க்கங்காய் என்று உதாரணம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் வந்தால் எடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு, இன்னும் ஒரே நிமிடம் என்ற பேச்சு கிடையாது. பேச முடியாத நிலையென்றால் கையில் ஒரு சாவிக்கொத்து. அது கீழே விழுந்தாலும் அதே அர்த்தம்.

தாளைச் சுத்தமாக எழுதி இணைத்திருக்கிறேன். பங்குதாரரைத் 'துணை' ஆக்கிவிட்டேன். இரண்டு நிபந்தனை. இதை வேறு வேலையோடு சேர்த்து ஒரே ஷீட்டில் அடிக்கக் கூடாது. கடைசிப் புரூஃபில் என் கையெழுத்து விழும் வரை மெஷின் ஓடக் கூடாது.

பொன்னுத்தங்கம்

சிவகாசி,
21-7-2025

அன்புள்ள பொன்னுத்தங்கத்துக்கு,

கதவைச் சாத்தித்தான் படித்தேன். வேர்த்துவிட்டது. காமராஜிடம் இது மருத்துவச் சாமான் என்று சொல்லிவைத்தேன். "எந்த ஊரு ஆஸ்பத்திரில அண்ணாச்சி சங்கிலி போடுதாக?" என்கிறான்.

மோர் மிளகாய் நியாயம். துணிக் கிளிப் நியாயமில்லை.

'வேண்டாம்' என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். என்னைத்தான் சொல்கிறாய். அன்றைக்கு நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. போகட்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வாசலில் கார் நிற்கும். ஏறி வந்துவிடு.

சீனிவாசகம்

விருதுநகர்,
23-7-2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

கார் வந்தது. டிரைவருக்கு ஆறு இட்லி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

என் பணி நிறைவு விழாவில் மைக்கைப் பிடித்து, "திங்கக்கிழமையில இருந்து டீச்சர் நம்ம கம்பெனில புரூஃப் பாப்பாக" என்று அறிவித்தீர்கள். என்னிடம் கேட்கவில்லை. மேடையிலேயே உங்கள் காதில் வேண்டாம் என்றேன். வீட்டில் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மேசை வந்து இறங்கியபோது வேண்டாம் என்றேன். "சும்மா பிகு பண்ணாத" என்று சிரித்தீர்கள். திங்கட்கிழமை நான் விருதுநகர் பஸ் ஏறினேன். இன்றைக்கும் கார் அனுப்புகிறீர்கள், வருகிறாயா என்று கேட்கவில்லை.

புரூஃப் இன்னும் வரவில்லை. என் இரண்டு நிபந்தனையை இந்த ஒரு தடவை காப்பாற்றுங்கள். அதை வைத்துத்தான் நாம் மேற்கொண்டு பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிப்பேன்.

பொன்னுத்தங்கம்

சிவகாசி,
11-8-2025

அன்புள்ள பொன்னுத்தங்கத்துக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காப்பாற்றவில்லை.

தீபாவளி வேலை குவிந்து கிடந்தது. ஒரு ஷீட்டில் பாதி காலியாக இருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அச்சங்குளம் செந்தூர்பாண்டியின் புஸ்வாணத்துக்கு எச்சரிக்கைத் தாள் அடித்துக்கொண்டிருந்தோம். அதன் பக்கத்திலேயே உன் தாளையும் ஏற்றிவிட்டேன். நீ பார்க்கிற வரை எதற்கு மெஷினைச் சும்மா போட்டு வைப்பது என்று ஓட்டியும்விட்டேன். பின்பக்கம் அடிக்கக் காமராஜ் தாள் கட்டைத் திருப்பிப் போட்டதில் இரண்டின் பின்பக்கமும் இடம் மாறிவிட்டது.

பெங்களூருக்குப் போன தாளில் முன்பக்கம் கிளிப்பின் படம். பின்பக்கம், 'கையை நீட்டி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு பற்றவைக்கவும். பற்றாவிட்டால் மறுபடி அருகில் போகக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.' அந்தக் கம்பெனியில் அருணாதேவி என்று ஒரு பெண். சாமான்களோடு வைக்கும் முன் படித்துவிட்டது. "சார், தண்ணி எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நானே புரிஞ்சுக்கிறேன்" என்று கேட்டது.

செந்தூர்பாண்டி நேரிலேயே வந்துவிட்டார். புஸ்வாணப் படத்துக்குப் பின்னால் உன் எழுத்து. "அண்ணாச்சி, இருவரும் முதல்ல மனசுவிட்டுப் பேசணும்னு போட்டிருக்கீக. நான் யாருகிட்ட பேச? புஸ்வாணத்துக்கிட்டயா? மூணு நிமிசத்துக்கு மேல வேண்டாங்கிறீக, அது அரை நிமிசத்துல அவிஞ்சிருமே. பீர்க்கங்காய்னு சொன்னா நின்னுருமாக்கும்?" என்று காமராஜ் முன்னால் உரக்க வாசித்தார். நல்லவேளை, ஒரு தாள்கூடப் பெட்டிக்குள் போகவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக் கிழித்துவிட்டேன்.

காமராஜ் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா சொன்னதக் கேட்டிருக்கலாம் அண்ணாச்சி" என்றான். முப்பது வருடத்தில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

உன் தாளைத் தனியாக ஏற்றிப் புரூஃப் எடுத்து இணைத்திருக்கிறேன். மெஷின் நிற்கிறது. உன் கையெழுத்து வரும் வரை வேறு எந்த வேலையும் அதில் ஏறாது. சீசனில் மெஷின் சும்மா நிற்பதைப் பார்க்கத் தெருவே வந்து போகிறது. நிற்கட்டும்.

சீனிவாசகம்

விருதுநகர்,
25-8-2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

மூன்று நாள் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அழுதேன். சிரித்ததால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புரூஃப் வந்த அன்றே பார்த்து முடித்துவிட்டேன். பிழை இல்லை. வேண்டுமென்றேதான் இரண்டு வாரம் வைத்திருந்தேன். நீங்கள் ஆள் அனுப்பவில்லை, கார் அனுப்பவில்லை, மெஷினையும் ஓட்டவில்லை என்று பிரீத்திகா சொன்னாள். தெரு முழுக்க உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சாம். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓட்டலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு விருப்பம் இருந்தால் வாருங்கள். என்னைக் கூட்டிப் போக அல்ல, பார்க்க. பஸ்ஸில் வாருங்கள். காபி தருவேன். நான் பீர்க்கங்காய் என்று சொன்னால் எழுந்து போய்விட வேண்டும். சம்மதமா?

பொன்னுத்தங்கம்

சிவகாசி,
26-8-2025

அன்புள்ள பொன்னுத்தங்கத்துக்கு,

சம்மதம்.

சீனிவாசகம்

விருதுநகர்,
31-8-2025, ஞாயிறு மாலை

அன்புள்ள பிரீத்திகா அப்பாவுக்கு,

வந்தீர்கள். காபி கொடுத்தேன். நாலு வாய் குடித்துவிட்டு, "இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு நீ" என்று ஆரம்பித்தீர்கள். நான் பீர்க்கங்காய் என்றேன்.

உங்கள் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. டம்ளரை வைத்தீர்கள், செருப்பை மாட்டினீர்கள், கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டீர்கள். ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிறுத்தத்து வெயிலில், எனக்கு வாங்கி வந்த காராச்சேவுப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

கூப்பிடலாமா என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. சொன்ன சொல் எனக்கும் சேர்த்துத்தான். பாதிக் காபி டம்ளரில் இருந்தது. முப்பத்தாறு வருடத்தில் நான் சொல்லி நீங்கள் பாதியில் நிறுத்திய முதல் காரியம் அது. டம்ளரைக் கழுவ மனம் வராமல் மூன்று மணி வரை அப்படியே வைத்திருந்தேன்.

தாளில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். என் பிழைதான், அடுத்த அச்சில் சேர்த்துவிடுங்கள். கிளிப்பை எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கிளிப்பை எடுத்த பிறகுதான் வலி வருகிறது என்று காமராஜை வைத்துப் பாடம் நடத்திவிட்டு, இதை மறந்துவிட்டேன் பாருங்கள்.

வருகிற ஞாயிறும் பதினொரு மணி. பொட்டலத்தை மறக்க வேண்டாம்.

எப்படி இருக்கிறீர்கள்?

அன்புடன்,
பொன்னுத்தங்கம்