களைன்னு பிடுங்கின கீரை

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். இன்னொரு சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு.

ஆமைக்காக நீங்க தொட்டியில வளர்த்த கீரையை, களைன்னு நினைச்சுப் பிடுங்கிட்டேன். நேத்திலிருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. நியாயம்தான். ஆனா ஒரு சேதி கேளுங்க. பிடுங்கினதைப் பால்கனி மூலையில போட்டிருந்தேன். ஒன்பது நாளா வாயே திறக்காத நம்ம ஆமையார், காலையில ஆடி அசைஞ்சு அங்கே போய் ஒரு இலை விடாம தின்னுட்டார்! நின்ன இடத்துலயே கைகூப்பினேன். உங்க பாசத்தையும் என் அவசரபுத்தியையும் சேர்த்து, கடவுள் ஒரு வயித்தை நிரப்பிட்டார்.

மீதி விதை ஜன்னலோரம் இருக்கு. இன்னைக்கே போட்டுடுங்க.

பி.கு.: தொட்டி மேல "ஆமைச் சாப்பாடு"ன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க. என் கையை நம்ப முடியாது.

இன்னொண்ணு: கோபம் போயிடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. போகலைன்னாலும் பண்ணுங்க.