சியாட்டிலுக்குப் போன சின்னவன்

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை, அது என் பேச்சைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த ஓயாத மழையில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று தெரிந்தால் எனக்குப் போதும். போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ சாப்டியாப்பா என்று கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, வேலை பார்க்கிற பிள்ளை. ஆனால் இது நீளமான விஷயம், குறுக்கே பேசாமல் நீ கேட்கவேண்டிய விஷயம்.

இங்கே பஃபலோவில் ஏப்ரல் முடியப்போகிறது, இன்னும் வாசலில் அழுக்குப் பனி ஒரு குவியல் கிடக்கிறது. ஈஸ்டர் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள, வெண்ணெயை ஆட்டுக்குட்டி உருவமாக வார்த்து விற்பார்களே, வழக்கம்போல அந்த வெண்ணெய் ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கினேன். மிளகுக் கண்ணும் சிவப்பு ரிப்பனுமாக அது மேஜையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. தலையை வெட்டுவது எப்போதும் உன் வேலை, அம்மா கத்தக் கத்த வெட்டுவாய். எனக்கு மனசு வரவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு அதைக் குளிர்பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஏன் ஈஸ்டருக்கு நார்பர்ட் வரவில்லையா என்று கேட்பாய். அதைத்தான் சொல்லவருகிறேன். பக்கத்து வீட்டு நார்பர்ட்டும் நானும், அதாவது உன்னை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய அந்த மடையனும் நானும், தவக்காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன்.

எல்லாம் ஒரு சின்னப் பையனால் வந்த வினை. கீலன் பாஸ்கம் என்று லூசியானாப் பக்கத்துப் பையன், கல்லூரி ஃபுட்பாலில் எறிகிற பந்தைப் பிடிக்க ஓடுகிறவன், ரிசீவர். ஐந்தடி எட்டங்குலம்தான் உயரம், அதுவும் தலைமுடியைச் சேர்த்து அளந்தார்களோ என்னவோ. ஆனால் கால் இருக்கிறதே, அடேயப்பா! நிற்கிறான், நிற்கிறான், மறு நொடி அவன் இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் டிராஃப்ட் வருகிறதல்லவா, அதில் நம் அணி முதல் சுற்றிலேயே இவனை எடுக்கவேண்டும் என்பது என் கட்சி. எடுத்தால் அணி உருப்படாது என்பது நார்பர்ட் கட்சி. எங்களுக்கு வேறு என்ன வேலை, சொல்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு உட்கார்ந்திருந்தோம். நார்பர்ட்தான் ஆரம்பித்தான். இந்த ஊர் டிசம்பர் காத்துல அந்தப் பொடியன் பந்தோட சேர்ந்து ஏரியில போய் விழுவான்டா, கனடாக்காரன்தான் கரையேத்தணும் என்றான். கடுகு சிறுத்தா காரம் போயிடுமா, முதல் மூணு எட்டுலயே எதிராளிய ஏமாத்திடறான், அப்புறம் அவனை இடிக்க யாருடா பக்கத்துல இருப்பா, அவனைப் புடிக்க ரெண்டு பேர் ஓடுனா மத்தவன் சும்மா நிப்பான், அவன்கிட்ட பந்தைப் போடலாமே என்று நான் கேட்டேன். உயரமா வர்ற பந்துக்கு என்ன பண்ணுவான், ஏணி கொண்டாருவானா என்றான் இவன். சொன்னதோடு நில்லாமல் பரிமாறிக்கொண்டிருந்த லோரெய்னைக் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தி, பாருங்கய்யா, இவ உயரம்தான், இவளை நம்பி முதல் சுற்றை வீணடிக்கச் சொல்றான் எட்மண்ட் என்று கூடத்துக்கே கேட்கக் கத்தினான். அப்ப என்னையே எடுங்களேன், இத்தனை வருசத்துல என் கையிலருந்து ஒரு தட்டு நழுவியிருக்கா என்று லோரெய்ன் கேட்டாள் பார், கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் அவள் பக்கம் சிரித்தது இவனுக்குப் பொறுக்கவில்லை. சின்னதுங்க எல்லாம் இப்படித்தான்டா, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும், அப்புறம் திரும்பி வரவே வராது, உன் வீட்டுலயே பாக்கலியா என்று சொல்லிவிட்டான்.

ரெஜினா, நீ உன் அம்மா மாதிரி குள்ளம், பள்ளிக்கூட ஓட்டத்தில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியவள், அதெல்லாம் அவனுக்கும் தெரியும், தடத்தோரம் நின்று என்னைவிட அதிகமாகக் கத்தியவன் அவன்தான். அவன் வாயிலிருந்தா அது வரவேண்டும். முள்கரண்டியை வைத்தேன், கோட்டை எடுத்தேன், நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவனும் பின்னால் வரவில்லை. கிழவன்களுக்கு ரோஷம் மட்டும் குறைவதில்லை.

அதற்குப்பின் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அம்மா போனபிறகுகூட அவன் இருந்தான், காலையில் அவன் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் சரி, பொழுது விடிந்தது என்று எழுந்திருப்பேன். ஈஸ்டருக்கு மறுநாள், நம் போலந்துக்காரர்கள் குச்சியால் தட்டித் தண்ணீரை வாரி இறைக்கும் டிங்கஸ் தினம் வந்தது. வருஷா வருஷம் நார்பர்ட் பஞ்சுமொட்டுக் குச்சியும் தண்ணீர்த் துப்பாக்கியுமாக வந்து என்னைப் படுக்கையிலேயே நனைப்பானே, வேண்டுமென்றே பின்கதவைத் தாழிடாமல் விட்டுவைத்தேன். தெருவெல்லாம் பாட்டும் கூச்சலும், யாரும் வரவில்லை. உலர்ந்த சட்டையோடு நான் டிங்கஸ் தினத்தைக் கழித்தது அதுதான் முதல் தடவை, அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

டிராஃப்ட் வியாழக்கிழமை மாலை. அவன் கார்க் கொட்டகையில் டிவியும் ஹீட்டரும் இரண்டு நாற்காலியும் போட்டு நாங்கள் பார்ப்பதுதான் வழக்கம், உனக்குத் தெரியாததா. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன், கொட்டகைக் கதவைப் பாதி தூக்கி வைத்திருந்தான், இரண்டு நாற்காலியும் போட்டிருந்தது. நான் போகவில்லை. இங்கேயே தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வோர் அணியாக எடுத்துக்கொண்டே வந்தது, பாஸ்கம் அப்படியே இருந்தான், அடுத்து நம் முறை. எடுத்தால் நான் ஜெயித்தேன், எடுக்காவிட்டால் அவன் ஜெயித்தான். அப்போது டிவிக்காரன் சொல்கிறான், நம் அணி தன் முறையை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டதாம்! எவனையுமே எடுக்கவில்லை! இதற்கா இத்தனை நாள் பட்டினி கிடந்த மாதிரி கிடந்தேன்! நாசமாப் போறவனுங்களா என்று என்னை மறந்து கத்தினேன். அதே வார்த்தை, அதே நேரம், கொட்டகையிலிருந்தும் கேட்டது.

அதற்கப்புறம் இங்கே உட்கார்ந்திருக்க முடியுமா. வெறுங்கையோடு போகவேண்டாம் என்று அந்த வெண்ணெய் ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். கறுப்பு ரொட்டி எடுத்துவந்தான், ஆட்டுக்குட்டியைப் பார்த்தான், இன்னும் தலையோடவா இருக்கு என்று கேட்டான். ஆள் இல்லையே என்றேன். அவனும் கத்தியை வாங்கிக்கொண்டு, தலையை விட்டுவிட்டு வால் பக்கத்திலிருந்துதான் வெட்டினான்.

அதற்குள் நம் முறையை வாங்கிக்கொண்ட அணி அந்தப் பையனையே எடுத்துவிட்டது. எந்த அணி தெரியுமா? உங்கள் ஊர் அணி. டிவியில் பையன் அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அவன் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள். நார்பர்ட் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். சியாட்டிலா, ரொம்ப தூரம்டா, அந்தம்மா என்ன பண்ணப்போவுதோ என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், அங்கதான் நம்ம பொண்ணு இருக்காளே, பையனை ஒரு எட்டு போய்ப் பாக்கச் சொல்லு என்றான். அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான் வரும். நான் சரி என்றேன். கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை என் தலையில் கொட்டினான், பனிக்கட்டி போல் குளிர்ந்த தண்ணீர், முதுகெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தேன், நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே கண்ணு, கோடையில் அங்கே பயிற்சி ஆரம்பித்ததும் போய் வேலியோரம் நின்று அவனைப் பார். நிஜமாகவே ஐந்தடி எட்டுதானா என்று பார்த்துச் சொல், எங்களுக்குள் பேச்சிருக்கிறது. முதல் எட்டு எப்படி வைக்கிறான் என்று பார், நீ ஓடியவள், உனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருமுறை கை தட்டு, புது ஊரில் தெரிந்தவர் யாருமில்லாத பிள்ளை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, காரில் மாற்று டயர் இருக்கிறதா பார்த்துக்கொள். அம்மாவின் நினைவுப் பூசையை ஜூனில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடமாட்டார்கள்.

உன் அப்பா,
எட்மண்ட் கூபியாக்

பி.கு.: இந்த வருஷம் உங்கள் ஊர் அணி இங்கே வந்து ஆடவேண்டும், தேதி மட்டும் இன்னும் சொல்லவில்லை. நார்பர்ட் இன்று எங்கிருந்தோ மூன்றாவதாக ஒரு நாற்காலி கொண்டுவந்து கொட்டகையில் போட்டிருக்கிறான், யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சின்னவன் வரும்போது நீயும் வா. வர முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வந்துவிடு.