அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை

ஜூலை 9, புதன்

இன்று ஆலையில் எங்கள் லைனுக்கு, வயர்களை இணைக்கும் கனெக்டர் வந்து சேரவில்லை. எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து எச்.ஆர். மேடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக எங்கள் லைன் முழுவதையும் கப்பலில் சுற்றுலா அழைத்துப்போகிறார்களாம். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, அதே இடத்தில் இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு துணையைக் கூட்டி வரலாம்.

லைனில் என் பக்கத்தில் நிற்கும் லூர்தம்மாள் அக்காதான் கேட்டார். “எந்த ஊர்லயும் எறங்காம, கடல்லயே இன்னா மேடம் பண்றது?”

“கப்பலே ஒரு ஊருதாங்க. நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, சாப்பாடு, எல்லாம் உள்ளயே இருக்கு.”

சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினோம். கிளம்பும்போது மேடம், “தென்றல், ஒரு நிமிஷம்” என்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அந்தச் செய்தி வேறு. அதை எழுத இன்று கை வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். எனக்கு சூப்பர்வைசர் வேலை தருகிறார்கள். அதற்கு முன் நான்கு மாதம் புனேயில் இருக்கும் ஆலையில் பயிற்சி எடுக்க வேண்டும். கப்பலிலிருந்து வந்ததும் திங்கட்கிழமை பதில் சொல்லச் சொன்னார் மேடம்.

மகள் மதிக்கு எட்டாம் வகுப்பு. அத்தைக்கு மூட்டு வலி. இவர் விடியும் முன்பே ஒரகடத்துக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் இல்லையென்றால் பிள்ளையை எழுப்பி, தலை பின்னி, டப்பா கட்டி அனுப்புவது யார்?

சொன்னால் வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால் நானே வேண்டாம் என்றதாகிவிடும். கப்பலில் வைத்துச் சொல்கிறேன். அங்கே அவருக்கு பஸ் இல்லை, எனக்கு அடுப்பு இல்லை. இருவரும் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாகிறது?

லூர்தம்மாள் அக்காவிடம் மட்டும் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

“ஆடி மாசத்துல எவனாவது கடலுக்குப் போவானா?” என்று அத்தை காலையிலிருந்து புலம்பல்.

“அது இன்னா தோணியாம்மா? அடுக்குமாடி வூடு மாதிரி கீது. பதினேழு வருசமா பஸ் ஓட்டறேன், ஒரு ஆட்டம் என்னை இன்னா பண்ணும்?” என்றார் இவர். படப்பைக்குப் போய் பூப்போட்ட அரைக்கால் சட்டை வாங்கி வந்து மாட்டிக்காட்டினார். மதி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, தன்னைக் கூட்டிப்போகவில்லை என்பது ஞாபகம் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜூலை 18, வெள்ளி – கப்பலில்

விமான நிலையம் மாதிரி பெட்டியெல்லாம் சோதித்துத்தான் ஏற்றினார்கள். கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் எல்லாம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்குப் பதில் சுவரில் கடல் படம்! கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு படத்தில் கடல் பார்க்கிறோம். கட்டில் மேல் துண்டை யானையாக மடித்து உட்கார வைத்திருந்தார்கள். பிரித்துத் துடைக்க மனசு வரவில்லை.

கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு தளத்துக்கு வரவழைத்து, ஆபத்து வந்தால் எங்கே நிற்பது, மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று காட்டினார்கள். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லைன் மட்டும் சங்கு ஊதியதும் போய் வரிசையில் நின்றுவிட்டது. பழக்கம்.

சாப்பாட்டுக் கூடம் – அம்மாடி. சுற்றிச் சுற்றி வந்தாலும் முடியவில்லை. தோசை ஊற்றுகிறார்கள், பக்கத்திலேயே நூடுல்ஸ் வதக்குகிறார்கள், இனிப்புக்கு மட்டும் ஒரு சுவர் நீளத்துக்கு மேசை. இவர் தட்டில் பிரியாணி, அதன் மேல் சப்பாத்தி, அதன் மேல் கேக். “வேணும்னா திரும்ப வந்து எடுத்துக்கலாங்க, ஏன் எல்லாத்தையும் ஒண்ணா போடறீங்க?” என்றேன். “திரும்பி வர்றதுக்குள்ள தீந்துட்டா?” என்றார். என்றைக்கும் இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சந்தோஷமாகச் சாப்பிடுகிறாரே, முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கப்பல் மெல்லச் சாய்ந்தது. “இத யாரு ஓட்டறான்?” என்றார். அடுத்த நிமிடம் பிரியாணி, சப்பாத்தி, கேக் எல்லாம் வெளியே.

ஜூலை 19, சனி – காலை

இவர் படுத்த படுக்கை. கண்ணைத் திறந்தால் அறை சுற்றுகிறதாம். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணின் சட்டையில் ‘தாமரை’ என்று பெயர் இருந்தது. தமிழில் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. முழுப்பெயர் செந்தாமரை. வடக்கத்திக்காரர்கள் வாயில் நுழையவில்லை என்று சுருக்கிவிட்டார்களாம். ஊர் சுங்குவார்சத்திரம்! எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஓடிப்போய்ப் பச்சை ஆப்பிளும் இஞ்சி மிட்டாயும் கொண்டுவந்து கொடுத்தாள். “கொஞ்சம் கொஞ்சமா கடிங்கண்ணா, வயிறு அடங்கிடும்.”

வீட்டில் யார் என்று கேட்டேன். கணவனும் மூன்று வயது மகனும். மாசக்கணக்கில் கப்பல், பிறகு கொஞ்ச நாள் வீடு.

“மொத தடவ நான் வூட்டுக்குப் போனப்ப புள்ள எங்கிட்டயே வரலக்கா. அவங்க அப்பா பின்னாடியே ஒளிஞ்சிகினான்” என்று சொல்லிக்கொண்டே தலையணை உறையை மாற்றினாள். பழைய உறையை நான் வாங்கி மடித்தேன், மடித்ததையே திரும்ப மடித்தேன்.

“நீ போய் சுத்திப் பாரு. நான் தூங்கறேன்” என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே. போனேன்.

மேல்தளத்தில் நீச்சல் குளம். நைலான் உடை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நான் சுடிதாரோடு ஓரத்தில் நின்றேன். லூர்தம்மாள் அக்கா தாம்பரத்தில் வாங்கிய கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடையில் வந்தாரே பார்க்கணும்! ஐம்பதைத் தாண்டியவர், பேத்தி எடுத்தவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு தொபுக்கென்று குதித்தார். “வெந்நி மாதிரி கீதுடி, வா!” என்று கத்துகிறார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு காலை மட்டும் தண்ணீரில் விட்டேன். வெயில், காற்று, யாரோ வாசிக்கும் கிடார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று கொஞ்சம் உறுத்தியது.

ஜூலை 19 – பிற்பகல்

போச்சு. எல்லாம் போச்சு.

லூர்தம்மாள் அக்கா இவரைப் பார்க்க அறைக்கு வந்தார். அவர் மேல் தப்பில்லை, நான் இந்நேரம் சொல்லியிருப்பேன் என்று நினைத்துவிட்டார். “கோபால் தம்பி, புனேல மழ கொட்டுமாம். தென்றலுக்கு நல்ல கொடையா ஒண்ணு வாங்கிக் குடுத்து அனுப்பு” என்கிறார்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். “புனேவா?”

அக்கா என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டு மெதுவாக வெளியே போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்பறம் எனக்கு எதுக்கு?” அவ்வளவுதான்.

நான் இன்னா பண்ணுவேன்? சொல்லத்தானே வந்தேன்! இவர் வாந்தி எடுத்துகினு கெடந்தா எப்படிச் சொல்றது? இல்ல... நேத்தே சொல்லியிருக்கலாம். போன வாரமே சொல்லியிருக்கலாம். பயம். வேறென்ன?

ஜூலை 20, ஞாயிறு – வீட்டில்

காலையில் இறங்கினோம். தரை இன்னும் ஆடுகிற மாதிரியே இருக்கிறது. நேற்று சாயங்காலம் நடந்ததை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

அறையில் இருக்க முடியாமல் நாடகக் கொட்டகைக்குப் போனேன். சிவப்பு மெத்தை நாற்காலிகள், பெரிய மேடை. துணியில் தொங்கிக்கொண்டு ஒரு பெண் கூரைக்கும் தரைக்குமாகச் சுழன்றாள். எல்லோரும் ‘ஓ’ என்கிறார்கள், எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்து நாற்காலிக்காரர், ஆட்டத்தைப் பார்த்து உருகுகிறேன் என்று நினைத்துக் கைக்குட்டை நீட்டினார்.

முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்தேன். தட்டில் ஒரு கரண்டி சோறு. அப்போது கைப்பிடியைப் பிடித்து, மேசையைப் பிடித்து, எவருடைய நாற்காலியையோ பிடித்து ஒருவர் வருகிறார். பூப்போட்ட அரைக்கால் சட்டை. முகம் வெளுத்துப்போயிருக்கிறது.

எதிரே உட்கார்ந்தார். “தயிர் சோறு இருந்தா எடுத்துகினு வா.”

கொண்டுவந்தேன். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு பேசினார்.

“என் பஸ்ல வர்ற பொம்பளைங்க அத்தினி பேரும் அவங்கவங்க கதைய எங்கிட்ட சொல்றாங்க. நீ ஒருத்தி சொல்லல.”

“வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு...”

“சொல்லியிருப்பேன்தான். மொதல்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்பறம் யோசிச்சிருப்பேன்ல? அந்த டைம நீ எனக்குக் குடுக்கல.”

அவர் சொன்னது நிஜம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், அவருடைய முதல் பதிலோடு நின்றுவிடுகிறேன்.

“தாமரைப் பொண்ணு சொன்னத நானும் கேட்டுகினுதான் படுத்திருந்தேன்” என்றார். “மதி ஒண்ணும் கைக்கொழந்த இல்ல. ரெண்டாவது ஷிப்ட் வண்டி மாத்திக் கேக்கறேன். காலைல புள்ளைய நான் கெளப்பி அனுப்பிடுவேன், சாயங்காலம் அம்மா பாத்துக்கும். நாலு மாசம்தான?”

“உங்களுக்கு ஜடை பின்னத் தெரியாதே?” என்று கேட்டேன். எவ்வளவோ கேட்டிருக்கலாம், எனக்கு வாயில் வந்தது அதுதான்.

“தெரியாது. சொல்லிக் குடு.” ஒரு வாய் தயிர்ச்சோறு. “சொல்றத மொதல்ல எங்கிட்ட சொல்லு, இன்னா?”

தலையாட்டினேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எழுந்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஐஸ்கிரீம் இன்னா வெலன்னு கேளு” என்றார். சும்மாதான் தருகிறார்கள் என்றதும் எழுந்து நின்றேவிட்டார்.

மதிக்குக் காட்டுவதற்காக, துண்டு யானை செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தாள் செந்தாமரை. நான் செய்தால் பன்றி மாதிரி வருகிறது. அத்தை தன் மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டுத் திருஷ்டி கழித்தார்.

ஜூலை 21, திங்கள்

மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

நேற்று மதி அழுதாள். இன்று, புனேயிலிருந்து என்னவெல்லாம் வாங்கி வர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஜடைப் பயிற்சி நடக்கிறது. அப்பாவின் விரல் தடியாக இருக்கிறது, இழுத்தால் வலிக்கிறது என்று புகார். “ஸ்டியரிங்க பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க” என்றேன். இவர் கேட்டபடி ஷிப்ட் வண்டியை மாற்றித் தந்துவிட்டார்கள். கேட்கவே கூச்சப்பட்டாராம். அங்கே பெரியவர் ஒருவர், “எதுக்குப்பா?” என்றதற்கு, “வூட்டுக்காரம்மா சூப்பர்வைசர் ஆவுது சார்” என்றாராம். இன்றைக்குள் இதையே மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரயிலில். எழுத முடியவில்லை. அழவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். பொய்.

செப்டம்பர் 14, ஞாயிறு – புனே

மழை விட்ட பாடில்லை. இங்கே வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்து போன் வந்துவிடும். இன்று வரவில்லை. குளித்தேன், துணி துவைத்தேன், போனைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். மதி எடுத்தாள்.

“அம்மா, இன்னா சொல்லு சீக்கிரம்.”

“ஒண்ணும் இல்லடி. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அப்பா எங்க?”

“மீன் கழுவிகினு இருக்காரு. ஆயா மசாலா அரைக்குது. நான் வெங்காயம் உரிக்கணும். சாப்ட்டுட்டு பேசறோம்மா.”

பின்னால் அவர் குரல்: “யாரு, அம்மாவா? சாப்ட்டாளான்னு கேளு.”

சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பசித்தது.