அப்பாவின் வயிறு

அன்புள்ள மகளுக்கு,

உன் அண்ணன் மகள் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். உன் மகன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைக் காய்கறிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். யார் கண்ணும் பட வேண்டாம்.

அப்பாவுக்குத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து வெளிக்குச் சரியாகப் போகவில்லை. நீ போனில் சொன்னபடி கீரை, கொய்யாப்பழம், ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் கொடுக்கிறேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். காலையும் மாலையும் நடக்கிறார். ஒன்றும் அசையவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நேற்று எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வீடு காலியானதும் அப்பா நேரே கழிவறைக்குப் போனார், சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, கொய்யா வேலை செஞ்சுதா?" என்றேன்.

"கொய்யாவாவது மண்ணாவது! கதவை ஒட்டி உட்கார்ந்து மருமக கம்ப்யூட்டர்ல பாடம் நடத்துறா. அந்தப் பக்கம் நாப்பது பிள்ளைங்க காதைத் தீட்டிக்கிட்டு இருக்கு. நான் உள்ளே போய் என்ன பண்றது? வந்தாலும் அடக்கிக்கிறேன்" என்கிறார்.

அடக்கினால் கீரை என்ன செய்யும்? உன் அண்ணியும் பாவம், இந்தச் சின்ன வீட்டில் வேறெங்கே உட்காருவாள்? அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருப்பதா? ஒரே குழப்பமாக இருக்கிறது. அவரோ இப்போது ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்.

உன் வீட்டுக் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். சும்மாதான் கேட்டார்.

பேரன் படம் பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பேரன் ஓரமாக நின்றால் போதும், வீடு முழுவதும் தெரிய வேண்டும்.

அம்மா