சேத்துமடைக்குக் கூப்பிட்டது யார்

ஏனுங்க,

இன்று காலையில் மருமகள் பீரோவைத் துடைத்துப் புதுத் தாள் விரித்தாள். அடித்தட்டிலிருந்து உங்கள் மெரூன் ஸ்வெட்டரை எடுத்து, "இது வேணுங்களா அத்தை, யாருக்காச்சும் குடுத்தர்லாமுங்களா?" என்று கேட்டாள். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. கோயம்புத்தூரில் ரோட்டோரம் கடை போட்டிருந்த நேபாளக்காரரிடம் நீங்கள் வாங்கியது அது. கிணத்துக்கடவு வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கென்று அவள் நினைத்திருப்பாள். "இருக்கட்டும் கண்ணு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். முகம் சூடாகிவிட்டது. இத்தனை வயதுக்கு மேலும் எனக்கு அந்தச் சேத்துமடை ஓட்டலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முன்பு இருந்த வெட்கம் வேறு, இப்போது இருப்பது வேறு.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழிக்கு முன்னால், போத்தனூரில் என் பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரோடு சேத்துமடையில் காட்டை ஒட்டிய ஓட்டலில் தங்கிவிட்டு வந்திருந்தாள். போட்டோ காட்டினாள். பழைய எஸ்டேட் பங்களா, பின்னால் தேக்குக்காடு, முன்னால் நெருப்பு மூட்டி இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். மாமா, அத்தை, கொழுந்தனார்கள், உங்கள் தங்கை, நம் குழந்தைகள், களத்தில் கொப்பரை உடைக்க வரும் ஆட்கள் என்று வீடு நிறைந்து கிடக்கும். உங்களோடு ஒரு முழுப் பேச்சு பேசி முடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

மழை வருமென்று கொப்பரையை அள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நாமளும் ஒருக்கா அப்பிடிப் போலாமுங்களா?" நீங்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு?" என்றீர்கள். எதுக்கென்று நான் எப்படிச் சொல்வேன்! ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விட்டேன். அடுத்த வாரமே ரூம் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரும் வாங்கி வந்து நின்றீர்கள். ஆனைமலைக் கோயிலில் வேண்டுதல், ராத்தங்க வேண்டும் என்று அத்தையிடம் பொய் சொன்னதும் நீங்கள்தான்.

அந்த ஓட்டலில் எனக்குக் கையும் காலும் என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் கதவைத் தட்டிக் காபி கொண்டு வந்தார்கள். நான் போடாத காபியைப் படுக்கையில் உட்கார்ந்து குடித்தது அன்றைக்குத்தான். டம்ளரைக் கழுவி வைக்கப் போனேன், நீங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். வெளியே பனியில் தேக்கு மரங்கள் பாதிதான் தெரிந்தன. விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீர், புகை வாசம் அடிக்கும் கம்பளி, மயில் அகவுகிற சத்தம். பிள்ளையாக இருந்தபோது வாய்க்காலில் விழுந்ததிலிருந்து கடன்பட்டுப் பம்ப்செட் வாங்கியது வரை நீங்கள் பேசினீர்கள். நடுவில் நிறுத்தி, "இத்தன வருசம் உன்ற கூடப் பேசவே இல்லையாட்ட இருக்குது" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்துக்கு அழுவதெல்லாம் சும்மா சொல்வது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மானம் போயிற்று. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, உங்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கிறேன், எதிரே உங்கள் பெரியம்மா மகன்! தேக்கு ஏலத்துக்கு வந்தவர் டீ குடிக்க உள்ளே நுழைந்திருக்கிறார். "ஏனம்மிணி, நீங்க எங்க இங்க?" என்று கேட்டார். கோயிலுக்கு வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்: "அவருக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்குதுங்க. டாக்டருதான் ரெண்டு நாளு மலக்காத்துல இருக்கச் சொன்னாருங்க."

பின்னாலேயே நீங்கள் வந்துவிட்டீர்கள். நான் சொன்னது காதில் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தீர்கள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினீர்கள். அவர் போன பின் கட்டிலில் விழுந்து நாம் சிரித்த சிரிப்பு இப்போதும் கேட்கிறது.

சிரிப்பு வீடு வரைதான். நாம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக உறவெல்லாம் வந்து உங்களைப் பார்த்தது. சளி என்று நான் சொன்னது நாலு வாய் மாறி நெஞ்சு நோயாகியிருந்தது. உங்கள் தங்கைக்குப் பொள்ளாச்சி வெல்ல மண்டிக்காரர் வீட்டில் உறுதி பண்ண நாள் பார்த்திருந்த நேரம் அது. அவர்கள் நாளைத் தள்ளிப் போட்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா, இன்னும் சில பெரியவர்களோடு வந்து உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. பரம்பரையா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் தங்கை சமையலறையில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "எனக்கு ஒரு நோவும் இல்லீங்க. என்ற சம்சாரத்தோட ரெண்டு நாளு தனியா இருக்கோணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. நான்தான் கூட்டீட்டுப் போனேன். அவ வெக்கப்பட்டுட்டு அப்பிடிச் சொல்லிப்போட்டா."

அந்தப் பெரியப்பாதான் முதலில் சிரித்தார். வீடே சிரித்தது. கல்யாணம் அன்றைக்கே உறுதியானது. அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "என்ன மாப்ள, நெஞ்சுச் சளி எப்பிடி இருக்குது?" என்ற கேலி உங்களைத் துரத்தியது. அத்தை ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியோடு ஓட்டலுக்குப் போனவன் என்று திட்டினார்கள். என்னிடம் வந்து, "நீ என்ன கண்ணு பண்ணுவ, அவன் கூப்புட்டா போகத்தான வேணும்" என்று தலையைத் தடவினார்கள். நான் தலையைக் குனிந்து அந்தப் பரிவையும் வாங்கிக்கொண்டேன்.

உங்களிடம் கேட்டேன், நான்தான் ஆசைப்பட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று. "உடு கண்ணு. ஆம்பள கூப்புட்டான்னா சிரிப்பாங்க, பொம்பள கேட்டான்னா பேசுவாங்க" என்றீர்கள். விட்டேன். ஒரேயடியாக விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை மகளுக்கு நிச்சயம். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களை வைத்து எல்லோரும் சிரித்தார்கள், ஆசையாகத்தான். என்னால் தாங்க முடியவில்லை. "அவரு கூப்புடலீங்க. நான்தான் கேட்டேன். எனக்குத்தான் ஆசையா இருந்துச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, அண்ணன் போனதுக்கப்புறமும் எங்க நங்கையா அண்ணன உட்டுக்குடுக்க மாட்டீங்கறாங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்றார் ஒருவர். பொய் சொன்னபோதும் எனக்குத்தான் நல்ல பேர், உண்மையைச் சொன்னபோதும் எனக்குத்தான். கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

பழி வேண்டுமென்றா இப்போது கேட்கிறேன்? இல்லைங்க. அத்தனை பேர் முன்னால் எழுந்து, பெண்டாட்டி மேல் ஆசை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் உங்கள் மேல் ஆசை வைத்திருந்தேன் என்று நீங்கள் இருக்கும்போது ஒருவரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கையில் உங்களிடம்கூடச் சொன்னதில்லை. கொப்பரைக் களத்தில் நீங்கள் "எதுக்கு?" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.