அடைத்து வைத்த வால்வு

என் செல்ல வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து என்னைத் திட்டுகிற தெம்பு கூடியிருக்கிறது, அதனால் நாங்கள் இருவரும் சுகம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நாலு மாதத்துச் சின்னக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் அனுப்பிய பெயிண்ட் அடிக்கிற காற்றுக் கம்ப்ரசரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார் என்று மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயாம். பாவம், அவரை விட்டுவிடு, போனில் அப்படிச் செய்யச் சொன்னது நான்தான். ஏன் என்று நீ மூன்று தடவை கேட்டும் மென்று விழுங்கினேன், வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ பெயிண்ட் அடித்த அலமாரிக் கதவில் கொப்புளம் வருகிறது என்று படம் அனுப்பினாயே, பார்த்ததும் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் போன் போட்டேன். அது உன் கைத்தவறு இல்லை கண்ணு, காற்றோடு தண்ணீர் வருகிறது. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் டேங்க்கின் அடியில் தேங்கும், அதைத் திறந்துவிடத்தான் அங்கே ஒரு வால்வு வைப்பார்கள். உன் டேங்க்கில் அது இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் பெயிண்ட் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் தூங்குவாய், வேலை முடிந்து வால்வைத் திறந்தால் புஸ்ஸென்று சீறும், நீ வீறிட்டு அழுவாய், எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டு ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்துவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை போல்ட்டைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுவேன், குழாயில்தான் ஈரத்தைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நீ வளர்ந்தாய், நான் வால்வைத் திரும்ப மாட்ட மறந்தேன். தொழிலை விட்டபோது அந்தக் கம்ப்ரசருக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்துப் பெருமையாக உனக்கே அனுப்பினேன். உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறதோ, வெளியே தெரியாது. ஓடும்போது வெடித்தால் என்று எழுதவே கை வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன், புள்ள அழக்கூடாதுன்னு புள்ள உயிருக்கே உலை வச்சிட்டீங்களே என்றாள்.

அதை இனி ஓட்டாதே. காற்றழுத்த மீட்டர் முள் பூஜ்யத்தில் இல்லையென்றால் கிட்டேயே போகாதே, மெக்கானிக்கைக் கூப்பிடு, அந்தப் போல்ட்டில் மட்டும் கை வைக்காதே. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே, பழைய இரும்புக்குப் போடு. அப்பா கொடுத்தது என்று பாசம் பார்க்காதே, அப்பா கொடுத்ததால்தான் சொல்கிறேன். புதிதாக ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் தினமும் வேலை முடிந்ததும் சுவிட்சை அணை, பிளக்கை எடு, பெயிண்ட் கன் வழியாகக் காற்றை விட்டுக் கொஞ்சம் மட்டும் டேங்க்கில் மிச்சம் வை. பிறகு கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, அடியில் ஒரு தட்டு வைத்து, வால்வை மெல்லத் திற. தண்ணீர் நின்று வெறும் காற்று வரட்டும், காலை வரை திறந்தே கிடக்கட்டும். தட்டில் விழுவது எண்ணெய்த் தண்ணீர், செடிக்கு ஊற்றிவிடாதே, நீ ஊற்றுவாய்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சின்னக்குட்டி தூங்குவதும் கராஜுக்குப் பக்கத்து அறையில்தானே, புது வால்வும் சீறத்தான் செய்யும், அவளும் அழத்தான் செய்வாள். அழட்டும். தூக்கித் தோளில் போட்டுக்கொள், வால்வை அடைக்காதே.

உன்னைத் தூக்கிக்கொள்ளாமல் போல்ட் தேடப் போன,
அப்பா