பத்துப் பொருள், கண்ணை மூடிக்கொண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் பாதி பொய்யாகிவிடும். உன் அத்தானின் வலது கையைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். இரண்டு அறை வீட்டில் நான் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருத்தம் சொல்கிறார். அதனால் டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன் கிடைக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஜன்னல் கண்ணாடியை மாற்றப் போய் அவர் மணிக்கட்டை அறுத்துக்கொண்ட கதை உனக்குத் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவர் கைப்புண்ணே கண்ணாடியால்தான் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அறுந்த தசைநார் ஒட்டிவிட்டது, விரல்கள் மடங்கி நிமிர்கின்றன. நரம்புதான் சோம்பேறி. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியிலும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. மற்ற இரண்டு விரலுக்கும் வேறு நரம்பு, அதனால் அவை தப்பித்தன.

பிரஸ்ஸில் இவருடைய கட்டிங் மிஷினை மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அதற்குள் கை வேலைக்குத் தயார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும். பதினேழு வருஷம் அந்த ஒரே மிஷினில் தாள் வெட்டியவர். அதன் முன்னால் வேறொருவர் நிற்பார் என்ற பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

கடிதம் தர வேண்டியவள் ஆஸ்பத்திரியின் கைப் பிரிவில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். டாக்டர் கையைத் தைத்துக் கொடுத்தார். அந்தக் கையால் மனிதன் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பது இவள் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் முகத்தைப் பார்த்தால் பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவனைத் தேடிக்கொண்டிருப்பவள் மாதிரி இருப்பாள். குண்டூசி, ஹேர்பின் எல்லாம் எடுக்கச் சொல்வதால் நான் அவளுக்குக் குண்டூசி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். இப்போது அத்தானும் அப்படித்தான் சொல்கிறார்.

டீச்சர் வைக்கும் பரீட்சைகளைக் கேள். முதலில் ஒரு கைப்பிடியை மூன்று முறை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அது கிலோ காட்டும். இடது கை நாற்பது, வலது கை இருபத்தாறு. அடுத்து ஒரு பலகையில் ஒன்பது ஓட்டை, ஒன்பது குச்சி. ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், கடிகாரம் ஓடும். அதன் பிறகு கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொடுவாள். தொட்டது தெரிந்தால் ம் சொல்ல வேண்டும். கடைசியில் பத்துப் பொருள்: சாவி, நட்டு, சட்டைப் பித்தான், ஊக்கு, காகிதக் கிளிப் என்று. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி என்னவென்று சொல்ல வேண்டும். போன மாதம் பத்துக்கு இரண்டு வாங்கினார்.

பத்துக்கு இரண்டு வாங்கிய பிள்ளைகளை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கணக்கில் உன்னையே கரை சேர்த்தவள் நான். என் முறை உனக்குத் தெரியும்: கேள்வி எப்படி வரும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பரீட்சை முடிந்தது. சோதனை நடக்கும்போது நான் சுவரோரம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்குமா இந்தக் கண்ணும் காதும்? டீச்சரின் பெட்டியில் பத்து அறை இருக்கிறது, அவள் எப்போதும் இடது பக்கத்திலிருந்து வரிசையாக எடுக்கிறாள். வரிசையை மாற்றுவதே இல்லை. நைலான் இழையால் தொடக் குனியும்போது அவள் நாற்காலி கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். கிறீச் கேட்டதும் ஒன்று எண்ணி ம் சொன்னால் போதும்.

இப்போது வீட்டில் தினமும் மாதிரித் தேர்வு. சோப்பு டப்பாவில் ஒன்பது ஓட்டை போட்டு, பிள்ளைகள் விட்டுப்போன பென்சில் துண்டுகளை வெட்டிக் குச்சியாக்கிவிட்டேன். பத்துப் பொருளும் சேர்த்தாயிற்று. வரிசையைப் பாட்டு மாதிரி சொல்ல வைத்திருக்கிறேன். முதலில் அவர், "இது தப்பில்லையாடி?" என்று கேட்டார். பரீட்சைக்குப் படிப்பது எந்த ஊரில் தப்பு என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டை ஆரம்பித்தார்.

புதன்கிழமை சோதனை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடு. நல்ல செய்தியோடு எழுதுகிறேன்.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. அக்கா கை வைத்தால் பாஸ்தான் என்று எழுதியிருந்தாய். படித்து மடித்து என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அத்தானிடம் காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

புதன்கிழமை எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. குச்சிப் பலகையில் இருபத்துமூன்று வினாடி. நாற்காலி கிறீச்சிட்டது, இவர் ம் சொன்னார். பத்துப் பொருளில் ஒன்பது சரி. பத்தையும் சரியாகச் சொன்னால் சந்தேகம் வரும், ஊக்கை மட்டும் கிளிப் என்று சொல்லிவிடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், நல்ல முன்னேற்றம் என்றாள். வெள்ளிக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. அன்று மாலையே அத்தான் பிரஸ்ஸுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். முதல் தேதியிலிருந்து வேலை. வெகு நாளைக்குப் பிறகு குளிக்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வைத்த தேர்வின் விடைத்தாள்களை அவர் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாத ஆள். முப்பத்திரண்டு பேருடைய தாள். நான் திருத்த உட்கார்ந்தபோது முதல் தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. என் சிவப்புப் பேனா கசிகிறது என்று நினைத்து மூடியைத் திருகிப் பார்த்தேன், மூடி சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகளில் எவனோ விளையாடியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே இன்னும் நாலு தாள் புரட்டினேன். கீழே போகப் போகப் புள்ளி பெரிதாகியிருந்தது. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். ஒரு ஸ்டேப்ளர் பின் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தி நின்றது. அதோடுதான் அத்தனை தாளையும் அடுக்கியிருக்கிறார். நான் சொல்லும் வரை அவருக்குத் தெரியவில்லை.

பின்னைப் பிடுங்கிக் கட்டுப் போட்டேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தினமும்தான் என்றார். "கை என்னோடது, எனக்குத் தெரியாதா? கண்ணு பாத்துக்கும். பதினேழு வருஷப் பழக்கம்" என்றார். பிறகு குரலை இறக்கி, "டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. மிஷின் போச்சுன்னா நான் காலைல எந்திரிச்சு எங்க போவேன், சொல்லு" என்றார். நான் சரி என்று சொன்னேன். அந்த நிமிஷம் உண்மையாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும் என்று கிளம்பி, நேரே பிரஸ்ஸுக்குப் போனேன். பதினேழு வருஷத்தில் நான் அந்த மிஷினைப் பார்த்ததே இல்லை, தெரியுமா? தற்காலிகமாக, புத்தகம் கட்டும் பைண்டர் ஒருவர் அதில் நின்றிருந்தார். தாள் கட்டை உள்ளே தள்ளி, விரல் நுனியால் விளிம்பைத் தடவித் தடவிச் சமமாக்குகிறார்கள். காலால் மிதித்தால் ஒரு இரும்புக் கட்டை இறங்கித் தாளை அமுக்குகிறது, அதன் பின்னால் கத்தி வருகிறது. கை உள்ளே இருந்தால் தானாக நிற்குமா என்று கேட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது மிஷினில் நிற்குமாம். இது பழசு, இதில் மனிதனுக்குத்தான் தெரிய வேண்டுமாம். பைண்டர் என்னோடு பேசிக்கொண்டே, மிஷினைப் பார்க்காமலேயே விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணு பாத்துக்கும் என்று இவர் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது புரிந்தது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சோப்பு டப்பா, வரிசைப் பாட்டு, நாற்காலி எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து தன் நாற்காலியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். காது சிவந்துவிட்டது. தானும் கவனிக்காமல் விட்டதாக ஒப்புக்கொண்டாள். பிறகு சொன்னாள், "இதுல பாஸ் ஃபெயில் ஒண்ணும் இல்லைங்க. கை இன்னைக்கு எங்க நிக்குதுன்னு பாக்கறோம், அவ்வளவுதான். குச்சி செருகப் பழகினது கைக்கு நல்லது. வரிசையை மனப்பாடம் பண்ணினது கைக்கு என்ன செய்யும்?" இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், தம்பி. அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அவளே பிரஸ்ஸுக்குப் போன் செய்தாள். நான் வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். யாரோ சொல்லி அவர் காதுக்குப் போவதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "பாஸ் பண்ண வெச்சதும் நீ, ஃபெயில் ஆக்கினதும் நீ" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றோடு நாலு நாள். தேநீர் வைத்தால் குடிக்கிறார், டம்ளரை இடது கையால் எடுக்கிறார், கழுவியும் வைக்கிறார். பேச்சு மட்டும் கிடையாது.

இன்று வியாழக்கிழமை, மறு சோதனை. கூட வர வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். ஆனாலும் போனேன், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வேறு நாற்காலி போட்டிருந்தாள். உணர்ச்சி உள்ள இரண்டு விரல்களும் உதவிக்கு வராதபடி அவற்றை மடக்கி டேப் ஒட்டி, பொருள்களைக் கலைத்துக் கொடுத்திருக்கிறாள். நட்டு, சாவி, இரண்டை மட்டும் சொன்னாராம். நைலான் இழையில் மிகத் தடித்தது மட்டும்தான் தெரிந்ததாம். உள்ளங்கை வரை உணர்ச்சி வந்துவிட்டது, நுனிக்கு வர இன்னும் நாலைந்து மாதம் ஆகலாம், முழுதாக வராமலும் போகலாம் என்று சொன்னாள். அதுவரை சூடானதை இடது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கத்தி உள்ள மிஷின் பக்கம் போகக் கூடாது. உணர்ச்சியைப் பழக்கத் தனிப் பயிற்சி இருக்கிறதாம், வாரம் மூன்று நாள் வரச் சொன்னாள். அதில் நான் வீட்டில் எப்படி உதவலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் ஒருத்தி எனக்கு மரியாதை காட்ட முடியாது.

கட்டிங் மிஷின் முதல் தேதியிலிருந்து அந்த பைண்டருக்கு. முதலாளி நல்ல மனுஷர். கை தேறும் வரை இவர் தாள் எண்ணிப் பண்டல் கட்டும் இடத்துக்கு வரட்டும் என்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

தம்பி, உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை இன்றே கூரியரில் போடுகிறேன், நாளை காலை கிடைத்ததும் அவரைப் போனில் கூப்பிடு. நான் செய்தது சரி என்று சொல்லாதே, என் பக்கம் பேசினால் உன்னோடும் பேசுவதை நிறுத்திவிடுவார். வேண்டுமானால் அக்கா எப்போதுமே இப்படித்தான், அவசரக்காரி என்று இரண்டு திட்டு திட்டு. பண்டல் கட்டும் வேலைக்குப் போகச் சொல். சின்ன வயதில் நீ மிதிவண்டியிலிருந்து விழுந்து கை உடைந்தபோது ஆறு வாரம் உனக்கு ஊட்டிவிட்டவர் அவர்தான், உன் பேச்சை அவர் தட்ட மாட்டார்.

அவருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தால் போதும், அவர் என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய், தம்பி. நாலு நாளே என்னால் தாங்க முடியவில்லை. நீ நன்றாக இருப்பாய். கூப்பிடு.

உன் அக்கா